மோப்பம் பிடிக்கும் கொசுவுக்கு மோப்பத்தாலேயே பொறி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நெறியாளர் ஆற்றிய நிறைவுரையின் எழுத்து வடிவம்)



"பத்துப் பேர் கூடி உட்கார்ந்திருந்தாலும் கொசு என்னை மட்டும் தேடி வந்து கடிக்கிறதே, அது ஏன்?"

கருத்தரங்கின் இடையே பார்வையாளர் வரிசையிலிருந்த ஓர் அம்மா இப்படிக் கேட்டார். "உங்க ரத்தம் இனிப்பா இருக்கும்மா" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் பதில் கொடுக்க, அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அது சிரித்துவிட்டு மறந்துபோகும் கேள்வி அல்ல. அறிவியலாளர்கள் ஏறக்குறைய நூறாண்டுகளாக இதே கேள்வியைத்தான் கேட்டு வருகிறார்கள். அதற்குக் கிடைத்த விடையை வைத்து, ஆப்பிரிக்காவில் ஒரு தீவு முழுவதும் வீட்டுக்கு வீடு கொசுப்பொறி மாட்டிப் பார்த்தார்கள். அந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தாத்தா பார்த்த வேலை

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டியவர். இடையில் சில காலம் நாள் கூலிக்கு வேறொரு வேலையும் செய்தார். கொசு பிடிக்கும் வேலை!

பொழுது சாய்ந்ததும் காட்டோரமாகப் போய் உட்கார வேண்டும். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொள்ள வேண்டும். கையில் டார்ச் விளக்கு, பக்கத்தில் கண்ணாடிக் குழாய்கள், கொஞ்சம் பஞ்சு. காலில் கொசு வந்து உட்கார்ந்ததும், அது கடிப்பதற்குள் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, பஞ்சால் அடைக்க வேண்டும். எந்த இனக் கொசு, எத்தனை மணிக்கு, எத்தனை வந்தது என்ற கணக்கு இப்படித்தான் எடுக்கப்பட்டது. உலகம் முழுவதும் மலேரியா கொசுவை ஆராய்ந்தவர்கள் நம்பியிருந்த முறை இதுதான். தூண்டிலில் புழு எப்படியோ, அந்த வேலையில் மனிதன் அப்படி.

"சில நாள் குழாய் முந்தும், சில நாள் கொசு முந்தும்" என்பார் தாத்தா. கூடவே இன்னொன்றும் சொல்வார். "கையும் முகமும் திறந்துதான் கிடக்கும். ஆனா கணுக்காலைத்தான் தேடி வரும். ஏன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல."

அவருடைய கேள்வியும் இன்றைய அம்மாவின் கேள்வியும் ஒன்றுதான். கொசு எதை வைத்து ஆளைத் தேடுகிறது?

கிள்ளான் கற்றுத் தந்த பாடம்

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உறுதியானது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா கிருமியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்பு ஏட்டில் மை உலர்வதற்குள் நம் மண்ணில் செயலுக்கு வந்தது. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், சில மாதங்களிலேயே மலேரியாவால் முடங்கும் நிலைக்கு வந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களை வடிகட்டவும் புதர்க் காட்டை அழிக்கவும் ஏற்பாடு செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் குறைந்தது. உலகமே பாராட்டியது.

அதே வழியை மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களிலும் செய்தார்கள். அங்கே என்ன நடந்தது தெரியுமா? காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! சமவெளியில் நோயைப் பரப்பியது நிழலான சதுப்பில் முட்டையிடும் அனோபிலஸ் அம்புரோசஸ். மலையில் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்பும் அனோபிலஸ் மாக்குலேட்டஸ். காட்டை அழித்து ஓடைக்கு வெயிலைக் கொண்டுவந்தது, அந்தக் கொசுவுக்கு விருந்து வைத்ததுபோல் ஆயிற்று. பிறகுதான் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் விடுவதும், நீரில் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. இந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து பிழைக்க வந்து, லயத்து வீடுகளில் குடியிருந்த நம் முன்னோர்கள்.

'எந்தக் கொசு?' என்று கேட்காமல் எந்த வைத்தியமும் பலிக்காது. கிள்ளான் சொன்ன இந்தப் பாடம் இந்த வரலாற்றின் இறுதிவரை நம்மோடு வரப்போகிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சும் வியர்வையும்

கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டை வளர்வதற்கு அதற்கு ரத்தம் தேவை. மலேரியா கொசு பெரும்பாலும் இரவில் திரிவது. இருட்டில் அதற்குக் கண்ணைவிட மோப்பமே துணை. உணர்கொம்புகளால் காற்றில் கலந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வரும்.

முதலில் தெரிய வந்தது மூச்சுக்காற்று. நாம் வெளியிடும் கரியமில வாயுவுக்குக் கொசு வருகிறது என்று 1922இலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வில்லெம் ருடால்ப்ஸ் எழுதினார். 1968இல் மனித வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம் ஏடிஸ் கொசுவை இழுக்கிறது என்று கண்டார்கள்.

ஆனால் மூச்சு விடுவது மனிதன் மட்டுமா? மாடும் விடுகிறது, குரங்கும் விடுகிறது. 'இங்கே ஏதோ உயிர் இருக்கிறது' என்று கரியமில வாயு சொல்லும். 'அது மனிதன்தான்' என்று சொல்வது தோலின் வாசனை.

வாசனையால் பூச்சியை வெல்ல முடியும் என்பதைக் கொசுவுக்கு முன்பே காட்டியது செட்சீ என்ற ஆப்பிரிக்க ஈ. மனிதனுக்கு உறக்க நோயையும் மாட்டுக்கு நகானா நோயையும் கொண்டுவரும் ஈ அது. மாட்டின் வாசனைக்கு அது வருவதை ஜிம்பாப்வேயில் கிளின் வேல் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். மாட்டின் மூச்சிலுள்ள ஆக்டெனால் என்ற பொருள் அந்த ஈயை ஈர்க்கிறது என்று 1984இல் அவரும் உடனிருந்தோரும் வெளியிட்டார்கள். மருந்து தோய்த்த துணியின் அருகே அந்த வாசனையை வைத்தால் போதும், மாடு என்று நம்பி ஈ வந்து மாட்டிக்கொள்ளும். மாட்டு வாசனையைப் புட்டியில் அடைக்க முடியும் என்றால், மனித வாசனையை அடைக்க முடியாதா?

பாலாடைக்கட்டியும் பாதமும்

இந்த இடத்தில் கதை நெதர்லாந்துக்குப் போகிறது. பார்ட் நோல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், ருர்ட் டி யோங் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். ஆடையைக் களைந்துவிட்டு நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும். அறைக்குள் கொசுவை விட வேண்டும். உடம்பில் எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று குறிக்க வேண்டும். என் தாத்தா காலை மட்டும் நீட்டினார், இவர் உடம்பையே கொடுத்தார்!

1990களின் நடுவில் முடிவுகள் வெளிவந்தன. ஐரோப்பாவின் அனோபிலஸ் அட்ரோபார்வஸ் முகத்தையும் மூக்கையும் நாடியது. அது மூச்சின் வழி வரும் கொசு. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் காம்பியே பாதத்தையும் கணுக்காலையும் நாடியது. கிருமிகொல்லும் சோப்பால் பாதத்தைக் கழுவிய பிறகு அந்தக் கொசுவுக்குக் குழப்பம். காலை விட்டுவிட்டுக் கண்ட இடத்தில் உட்கார்ந்தது.

அப்படியானால் இழுத்தது பாதத்தின் வாசனையா? அந்த வாசனையை உண்டாக்குவது தோலில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றின் நெருங்கிய உறவு ஒன்று லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டியில் வளர்கிறது. அந்தக் கட்டியின் நாற்றம், நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் கிடந்த காலின் நாற்றத்துக்கு ஈடானது என்று ஊரே கேலி செய்யும். நோல்ஸ் அதையே கொசுவின் முன் வைத்தார். கொசு வந்தது! 2006ஆம் ஆண்டு இந்த ஆய்வுக்கு 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தால் கொசு எங்கே கடிக்கும் என்று 1998இல் சோதித்தார்கள். காலை விட்டுவிட்டுத் தரைக்கு அருகில் இருந்த பகுதியைக் கடித்தது. ஆகவே தாத்தாவின் கேள்விக்கு விடை இரண்டு. ஒன்று வாசனை, இன்னொன்று தாழ்வாகப் பறந்து வரும் கொசுவின் பழக்கம். பிற்காலத்தில் பொறியைத் தாழ்வாகத் தொங்கவிட்டதற்கும் இந்த அறிவுதான் உதவியது.

மனிதனை மிஞ்சிய கலவை

பிறகு கலவை தயாரிக்கும் வேலை தொடங்கியது. அம்மோனியா தனியாகக் கொஞ்சம் இழுக்கும். லாக்டிக் அமிலம் தனியாக அதிகம் இழுக்காது. இவற்றோடு தோலிலுள்ள கொழுப்பு அமிலங்களையும் சேர்த்தால்தான் கொசு மனிதன் என்றே நம்புகிறது. சாம்பாரில் புளியும் உப்பும் காரமும் சேர வேண்டிய அளவில் சேர்ந்தால்தானே சாம்பார்? அதுபோலத்தான்.

தான்சானியாவின் இபகாரா சுகாதார ஆய்வு நிலையத்தில் பிரெட்ரோஸ் ஒகுமுவும் உடனிருந்தோரும் இப்படி ஒரு கலவையை 2010இல் சோதித்தார்கள். ஒரு குடிசையில் மனிதன், 10 முதல் 100 மீட்டர் தள்ளி இன்னொரு குடிசையில் கலவை. கலவை இருந்த குடிசைக்கு 3 முதல் 5 மடங்கு அதிகக் கொசு போனது. ஆளைவிட ஆளின் வாசனைக்கு மவுசு!

ஆனால், இரண்டையும் ஒரே குடிசைக்குள் வைத்தபோது கலவையால் மனிதனை மிஞ்ச முடியவில்லை. தூரத்திலிருந்து வழிகாட்ட வாசனை போதும். கிட்டே வந்ததும் உடம்பின் வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே பொறியைப் படுக்கை அறையில் வைத்துப் பயனில்லை. கொசு உள்ளே நுழைவதற்கு முன்பே, வீட்டுக்கு வெளியே மடக்க வேண்டும்.

ருசிங்கா தீவு

இனி நான் தொடக்கத்தில் சொன்ன தீவுக்கு வருவோம். கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியில் இருக்கிறது ருசிங்கா. மீன்பிடித் தொழிலும் சிறு விவசாயமும் செய்யும் லுவோ இன மக்கள் சுமார் 25,000 பேர் வாழும் இடம். எதிர்க்கரையில் ம்பிட்டா என்ற ஊரில் இசிப்பே என்ற ஆப்பிரிக்கப் பூச்சியியல் ஆய்வு நிலையத்தின் வளாகம். அந்த நிலையமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும், வில்லெம் டாக்கன், ரிச்சர்ட் முகபானா போன்றோர் முன்னிற்க, 2012இல் 'சோலார்மால்' என்ற திட்டத்தைத் தொடங்கின.

பொறியின் பெயர் 'சுனா'. லுவோ மொழியில் சுனா என்றால் கொசு. ஒரு சின்ன மின்விசிறி, கூம்பு வடிவக் கூடு, உள்ளே நைலான் பட்டைகளில் ஊறவைத்த ஐந்து வாசனைப் பொருள்கள். கரியமில வாயுவைத் தீவு முழுவதும் உருளையில் கொண்டுபோக முடியாது. ஆகவே அதற்குப் பதிலாகக் கொசுவை ஏமாற்ற 2-பியூட்டனோன் என்ற பொருளைச் சேர்த்தார்கள். விசிறி சுழலும்போது வாசனை வெளியே பரவும். கிட்டே வரும் கொசு உள்ளே இழுக்கப்பட்டு வலைப்பையில் சிக்கி, வறண்டு சாகும். பூச்சிக்கொல்லி ஒரு துளி கூடக் கிடையாது.

விசிறிக்கு மின்சாரம்? தீவில் பெரும்பாலான வீடுகளுக்கு மின் இணைப்பே இல்லை. கூரையில் சூரியத் தகடு வைத்தார்கள். அதே மின்சாரத்தில் வீட்டுக்கு இரண்டு விளக்கு, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் வசதி. கொசுவைப் பிடிக்க வந்த திட்டம், பிள்ளைகள் படிக்க வெளிச்சமும் கொடுத்தது.

2013 ஜூன் முதல் 2015 மே வரை 4,358 வீடுகளில் இவை பொருத்தப்பட்டன. தீவை 81 பகுதிகளாகப் பிரித்து, பொறி கிடைத்த பகுதியையும் இன்னும் கிடைக்காத பகுதியையும் ஒப்பிட்டார்கள். எல்லாருக்கும் கொசுவலையும் சிகிச்சையும் வழக்கம்போல் இருந்தன. முடிவு 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ரத்தச் சோதனையில், பொறி இல்லாத பகுதிகளில் 34.5 விழுக்காட்டினரிடம் மலேரியா இருந்தது. பொறி இருந்த பகுதிகளில் 23.7 விழுக்காடு. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. பூச்சிக்கொல்லி இல்லாமல், வெறும் வாசனையால்!

கைதட்டும் முன்பு மறுபக்கத்தையும் பார்ப்போம். காய்ச்சலோடு வந்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால், பொறி காய்ச்சலைக் குறைத்தது என்று அந்தக் கணக்கைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, மிக முக்கியமானது. அனோபிலஸ் புனஸ்டஸ் என்ற இனம் 69 விழுக்காடு குறைந்தது. தீவில் நோயைப் பரப்பும் மற்றோர் இனமான அராபியன்சிஸ் கொசுவிடம் அப்படி ஒரு சரிவு தென்படவில்லை. புனஸ்டஸ் மனித ரத்தத்தையே பெரிதும் நாடும் கொசு. அராபியன்சிஸ் மாட்டையும் கடிக்கும், வீட்டுக்கு வெளியேயும் திரியும்.

பார்த்தீர்களா? கிள்ளானில் வாட்சன் கற்ற அதே பாடம் நூறாண்டு கழித்து ருசிங்காவிலும் வந்து நிற்கிறது. எந்தக் கொசு?

கிருமியின் தந்திரம்

இந்த ஆய்வுகள் நடக்கும்போதே இன்னோர் உண்மையும் வெளிவந்தது. கொசுவை மனிதன் வாசனையால் ஏமாற்றும் முன்பே, மலேரியா கிருமி அந்த வித்தையைக் கற்றுவைத்திருக்கிறது!

2005இல் மேற்குக் கென்யாவில் பிள்ளைகளிடம் ஒரு சோதனை. கொசுவுக்குப் பரவக்கூடிய நிலையில் கிருமி இருந்த பிள்ளையிடம், மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு கொசு வந்தது. மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்த பிறகு அந்த வேறுபாடு மறைந்தது. 2017இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தில் ஒரு பகுதியைக் கண்டார்கள். கிருமி வெளியிடும் ஒரு பொருள், நம் ரத்த சிவப்பணுக்களைக் கூடுதல் வாசனைப் பொருள்களை வெளியிடச் செய்கிறது. 'இங்கே வா' என்று கொசுவுக்கு அழைப்பு அனுப்புகிறது கிருமி. அழைப்பிதழில் நம் முகவரி!

அந்த அம்மாவின் கேள்விக்கு 2023இல் ஜாம்பியாவின் மாச்சா என்ற ஊரிலிருந்து ஒரு விடை வந்தது. பெரிய வலைக்கூடாரம் அமைத்து, சுற்றிலும் ஆறு சிறு கூடாரங்களில் ஆறு பேரைத் தூங்கவைத்தார்கள். அவர்களின் வாசனையைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொசுவிடம் விட்டார்கள். கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் வெளிப்பட்டவரை நோக்கிக் கொசு பறந்தது. ஒருவரை மட்டும் அவ்வளவாக நாடவில்லை. அவரிடம் அந்த அமிலங்கள் குறைவு, யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் யூகலிப்டால் அதிகம். ஆக, அம்மா, உங்கள் ரத்தம் இனிப்பு என்பதெல்லாம் காரணம் இல்லை. உங்கள் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களையும், அவை உண்டாக்கும் வாசனையையும் பொறுத்த விஷயம் அது.

நம் காட்டோரம்

இதெல்லாம் ஆப்பிரிக்காவின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். 2023இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கொசுவலையில் தடவும் மருந்துக்குப் பல இடங்களில் கொசு பழகிவிட்டது. வாசனைக்கு அப்படிப் பழகுவது எளிதல்ல. மனித வாசனையைத் தேடி வருவதையே நிறுத்தினால், மனித ரத்தத்தை நம்பி வாழும் கொசு பட்டினிதான் கிடக்க வேண்டும். இந்த ஆய்வுகள்மேல் அறிவியலாளர்கள் நம்பிக்கை வைப்பதற்கு இதுவே காரணம்.

நம் பகுதியில் நிலைமை வேறு. சிங்கப்பூர் 1982இலேயே மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்ளூரில் பரவவில்லை. முன்னோர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலேசி மலேரியா, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது. இது மனிதர்களிடையே ஏராளமாகப் பரவியிருப்பதை 2004இல் வெளிப்படுத்தியவர்கள் சரவாக்கின் காப்பிட் பகுதியில் ஆய்வு செய்த பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர். இதைப் பரப்பும் கொசு காட்டோரத்தில், பொழுது சாயும் நேரத்திலேயே கடிக்கத் தொடங்கும். படுக்கையில் கட்டும் கொசுவலை அதை எப்படித் தடுக்கும்? மனிதனையும் குரங்கையும் கடிக்கும் அந்தக் கொசுவுக்கு ருசிங்காவின் கலவை அப்படியே ஒத்துவரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கென்று தனி ஆய்வு வேண்டும். அந்த ஆய்வுக்கு இன்றும் பெரும்பாலும் துணை நிற்பது, காட்டோரத்தில் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு உட்காரும் மனிதனின் கால்தான்.

என் தாத்தா இன்று இல்லை. அவர் பிடித்துக் கொடுத்த கொசுக்கள் எந்தக் கணக்கில் சேர்ந்தன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த வரலாற்றில் ரோஸ், வாட்சன், நோல்ஸ் என்று பெயர்கள் நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இருட்டில் காலை நீட்டி உட்கார்ந்த யாரோ ஒருவர் இருக்கிறார். அந்த வேலைக்கு மனிதன் தேவைப்படாத நாள் வர வேண்டும், அவன் வாசனை மட்டுமே போதும் என்ற நாள் வர வேண்டும் என்பதே என் ஆசை.

அதுவரை ஒன்றே ஒன்று. காட்டுப் பக்கமோ தோட்டப் பக்கமோ போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால், சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போய், எங்கே போய் வந்தீர்கள் என்பதைச் சொல்லி, ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.